அரைமண்டி வராத கால்

அடுத்த வீட்டுக்காரி புதுக் கார் வாங்கினால் பொறாமைப்படலாம். ஓரகத்தி பத்துக் கிலோ இளைத்து வந்து நின்றால் பொறாமைப்படலாம். அதற்கெல்லாம் ஊரில் மன்னிப்பு உண்டு. பெற்ற மகளைப் பார்த்து வயிறெரிகிறவளை எந்த வரிசையில் நிறுத்துவது? கெலுகோரில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கும் புஷ்பராணி அந்த வரிசைக்காரி. மற்றபடி நல்லவள். கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் பதினாறு வருடமாகக் கணக்கெழுதும் கிராணி வேலை. தினமும் பாலம் தாண்டிப் போய், பாலம் தாண்டி வந்து, சோறாக்கி, துணி மடித்து வைப்பாள். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அதனால்தான் அவள் மனதில் இருந்ததை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அவளுக்குப் பிறவியிலேயே கால்கள் உள்நோக்கித் திரும்பியவை. நின்றால் இரண்டு பெருவிரல்களும் ஒன்றையொன்று குசலம் விசாரிக்கும். அவளுடைய அப்பா அம்பிகைபாகன் யாரோ சொன்னதைக் கேட்டு, இடது சப்பாத்தை வலது காலிலும் வலதை இடது காலிலும் மாட்டி இரண்டு வருடம் அவளைப் பள்ளிக்கு அனுப்பினார். கால் திரும்பவில்லை, கொப்புளம்தான் வந்தது. யாழ்ப்பாணத்து வழிவந்த அந்த வீட்டில் பெண்பிள்ளை என்றால் பரதம் படிக்க வேண்டும், பரதம் என்றால் ஒருநாள் அரங்கேற்றம் நடக்க வேண்டும். ஏழு வயதில் அவளையும் தங்கையையும் ஒன்றாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நடன ஆசிரியை அரைமண்டியில் உட்காரச் சொன்னார். தங்கையின் முழங்கால்கள் விசிறிபோல விரிந்தன. இவளுடையவை முட்டிக்கொண்டன. மூன்றாம் வாரமே, "இந்தக் காலுக்கு ஆட்டம் வராது, பாட்டுப் படிக்கட்டும்" என்று ஆசிரியை முடித்துவிட்டார். பத்து வருடம் கழித்துத் தங்கையின் அரங்கேற்றத்தில், மண்டப வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தவள் புஷ்பராணி.

அந்த மூன்றாம் வாரத்திலிருந்து அவள் குனிந்து பாதத்தைப் பார்த்தபடி, விரல்களை வெளியே தள்ளித் தள்ளித்தான் நடக்கிறாள். நாற்பத்தொரு வயதிலும் அந்தக் காவல் ஓயவில்லை.

மகள் ராகினி நடக்கத் தொடங்கியபோது பார்த்தால், அச்சு அசல் அதே கால். புஷ்பராணி அழுதாள். அந்த அழுகையில் பொய் கிடையாது. எலும்பு மருத்துவர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "வளர வளரப் பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஓடட்டும், குதிக்கட்டும், எதையும் தடுக்காதீர்கள்" என்றார். கணவன் சஞ்சீவ் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஏழு வயதில் பிள்ளையை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்த்துவிட்டான்.

பயிற்சி கொடுத்தவள் இஸ்ஸதி. தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. வகுப்பில் ராகினியைப் போலவே கால் திரும்பிய இன்னொருத்தியும் இருந்தாள், நஜ்வா என்று பெயர். இரண்டு பேரையும் இஸ்ஸதி திருப்பி அனுப்பவில்லை. "கீழ இறங்குறப்ப முட்டி ரெண்டும் ஒட்டாமப் பாத்துக்கங்க. மத்ததெல்லாம் பெலான்-பெலான் வரும்லா, ஒண்ணும் அவசரம் இல்ல" என்றாள்.

இரண்டே வருடத்தில் வந்துவிட்டது. இப்போது ராகினிக்கு ஒன்பது வயது. ஓடிவந்து பலகையில் மிதித்து எழும்பி, தாண்டுவதற்கு வைத்த பெட்டிக்கு மேலே உடலைச் சுருட்டி அந்தப்பக்கம் இறங்குவாள். கைதட்டல் எழும். புஷ்பராணியும் தட்டுவாள். பெற்றவள் கண்தான் முதலில் படும் என்பார்கள். அது ஆசையோடு பார்க்கிற கண். இவள் பார்த்த பார்வை வேறு. இது என் கால்தானே, என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனதுதானே, இதை வைத்துக்கொண்டு இவள் மட்டும் எப்படிப் பறக்கிறாள் என்று உள்ளே கனன்றது. எனக்கு ஏன் ஓர் இஸ்ஸதி கிடைக்கவில்லை என்று அந்தப் பெண்மேலும் கோபம் வந்தது.

மாநிலப் போட்டிக்கு நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், ராகினியும் ஒருத்தி. சஞ்சீவ் தலைகால் புரியாமல் அவள் குதிக்கிற வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். புஷ்பராணியின் தங்கை உடனே எழுதினாள்: "என்னை மாதிரியே வந்திருக்கா!"

பற்றிக்கொள்ள அந்த ஒரு வரி போதாதா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே புஷ்பராணி இஸ்ஸதிக்குச் செய்தி அனுப்பினாள்: "டாக்டர் போட்டி வேண்டாம் என்கிறார். காலுக்கு ஆகாதாம்." மருத்துவரைப் பார்த்தே ஒரு வருடம் ஆகியிருந்தது.

"அப்படியாக்கா? கவலைப்படாதீங்க. வகுப்புக்கு மட்டும் வரட்டும், நான் நஜ்வா பேரப் போட்டுர்றேன்" என்று பதில் வந்தது.

அதே பொய்யைக் கணவனிடமும் மகளிடமும் சொன்னாள். சஞ்சீவின் முகம் தொங்கிப்போனது. ராகினி அழவில்லை. தன் பாதங்களை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சாயந்திரம் கீழே கடைக்குப் போகும்போது ராகினி முன்னால் நடந்தாள். குனிந்தபடி, விரல்களை வெளியே தள்ளித் தள்ளி, ஓர் அடி வைத்து நிறுத்தி மறு அடி வைத்தாள்.

"ஏன் ராகி இப்படி நடக்கிற?"

"என் கால் கெட்டதுன்னு டாக்டர் சொல்லிட்டாருல்ல. நீங்களும் இப்படித்தானம்மா நடக்கிறீங்க."

புஷ்பராணி நடுவழியில் நின்றுவிட்டாள். தனக்கு வாய்க்காதது மகளுக்கும் வாய்க்கக் கூடாது என்று கேட்டாள். கேட்ட வரம் கைமேல் கிடைத்து, கண் முன்னால் நடந்து போகிறது. அந்த நிமிடமே இஸ்ஸதிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. வியாழன் போயிற்று, வெள்ளியும் போயிற்று. வெட்கம் பாதி, மீதிப் பாதி என்ன என்பது அவளுக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை வகுப்புக்குப் போனதும் இஸ்ஸதியை ஓரமாகக் கூப்பிட்டாள். "டாக்டர் ஒண்ணும் சொல்லல தங்கச்சி. நான்தான் பொய் சொன்னேன்."

"ஏன்க்கா?"

"பொறாமை."

"யாரு மேல? நஜ்வா அம்மா மேலயா?"

புஷ்பராணி மகள் பக்கமாக முகவாயை அசைத்தாள். இஸ்ஸதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"பேரு வியாழக்கிழமையே போயிருச்சுக்கா. புதன் வரைக்கும் மாத்திருக்கலாம். இனி அடுத்த வருஷம்தான்" என்று சொல்லிவிட்டு அவள் பிள்ளைகளிடம் போய்விட்டாள்.

ராகினி, கால் கெட்டது என்ற பயத்தில் குதிக்கப் போகாமல், பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து, நஜ்வா ஓடிவந்து எழும்புவதைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். புஷ்பராணி பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சொல்லவில்லை, அம்மா சொன்னது பொய், நீ குதிப்பதைப் பார்க்க அம்மாவுக்குப் பொறுக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"அப்ப என் கால்ல ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல."

பிள்ளை பெருமூச்சு விட்டது. பிறகு மறுபடியும் நஜ்வாவைப் பார்த்தது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டது: "நஜ்வா குதிக்கிறப்ப எனக்கு இங்க எரியுது. நீங்க சொன்னது இதுதானா?"

"இதுதான்."

"இது எப்பம்மா போகும்?"

இன்னொரு பொய் சொல்ல நாக்கு எழும்பியது. புஷ்பராணி அதை அடக்கினாள்.

"தெரியல ராகி. எனக்கு இன்னும் போகல."

ராகினி எழுந்து, பெஞ்சில் இரண்டு ஆள் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.