ஐந்து படிக்கு ஒரு கைப்பிடி

உங்களால் இது முடியாது என்று சொல்கிற ஆளே, தானும் அதைச் செய்து தர மாட்டேன் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு திரும்புவீர்களா? நான் சொல்லப்போகும் தையல்காரம்மாவும் திரும்பத்தான் செய்தார். ஆனால் வருகிற வழியிலேயே ஒரு வெல்டிங் மெஷினுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

அவருக்கு வயது நாற்பத்து மூன்று. முன்னறையில் ஒரு தையல் மெஷின், அதன் எதிரே இருபது ஆண்டுகள். அதே வீட்டில் கணவரின் தங்கையும் இருக்கிறார். எதையும் கேள்வி கேட்காமல் விடாதவர் என்பதால் வீட்டில் அவருக்கு 'வக்கீல்' என்று பெயர். ஒரு விபத்துக்குப் பிறகு வக்கீலின் இடது கால் மடங்காது. ஊன்றுகோலோடு நடப்பார். வாசலில் ஐந்து படிகள், பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. வெளியே போவதென்றால் அண்ணனோ அண்ணியோ தோள் கொடுக்க வேண்டும். முப்பத்தாறு வயதுப் பெண் தெருவில் கால் வைக்க மற்றவர்களின் ஓய்வு நேரத்துக்காகக் காத்திருந்தார். இதற்கு விதி என்று பெயர் வைத்தவர்கள் உண்டு. விதியும் இல்லை, வெங்காயமும் இல்லை. பத்தடி இரும்புக் குழாய் இல்லை, அவ்வளவுதான்.

அந்த மாதம் வக்கீலுக்கு வேலை கிடைத்தது. தொலைபேசியில் புகார் கேட்டுப் பதில் சொல்லும் அலுவலகம். ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

"யாராவது கை பிடிச்சு இறக்கிவிட்டாத்தான் போக முடியும்னா, அது என் வேலை இல்ல அண்ணி, உங்க வேலை. அப்படிப் போறதுக்கு நான் போகவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான்.

தையல்காரம்மா தெருமுனைப் பட்டறைக்குப் போனார்.

"அஞ்சு படிக்கெல்லாம் ஆள் அனுப்ப முடியாதும்மா. பெரிய கேட் வேலை ஓடுது" என்றார் வெல்டர்.

"எப்படிப் பண்றதுன்னாவது சொல்லுங்க. நானே பண்ணிக்கிறேன்."

பட்டறையே சிரித்தது. "ஊசியில நூல் கோக்கிற மாதிரின்னு நினைச்சீங்களா? கண்ணு போயிடும். நாங்களே தினம் ஒரு டம்ளர் பால் குடிச்சுத்தான் இந்தப் புகையைத் தாங்குறோம்."

வீட்டில் இதைக் கேட்ட வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பால் வயித்துக்குப் போகுது. புகை நுரையீரலுக்குப் போகுது. ரெண்டும் எங்க சந்திச்சுக்கும் அண்ணி?"

மெஷின் வந்தது. ஒரு செருப்புப் பெட்டி அளவுதான். அந்த வகையிலேயே விலை குறைந்தது. கூடவே கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடி, தோல் கையுறை, ஒரு கட்டு வெல்டிங் குச்சி. உடுப்பை மட்டும் அவரே தைத்தார். நைலான் உருகித் தோலில் ஒட்டும், பருத்தி கருகி உதிரும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கணவரின் பழைய ஜீன்ஸ் இரண்டைப் பிரித்துக் கழுத்துவரை மூடுகிற மேலங்கி தைத்தார். அதற்குப் பாக்கெட் வைக்கவில்லை. பொறி வந்து உட்கார இடம் எதற்கு?

காற்றோட்டமான கொல்லைப்புறத்தில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு, உடைந்த இரும்புக் கட்டிலின் துண்டுகளில் பாடம் தொடங்கியது. வெல்டிங் வெளிச்சம் கண்ணில் படாதபடி வக்கீல் முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்து, மெஷினோடு வந்த கையேட்டைத் தீர்ப்பு வாசிப்பதுபோல் வாசித்தார். தையல்காரம்மா தலையை ஒரு ஆட்டு ஆட்டினார். முகமூடி சரிந்தது, உலகம் இருண்டது. குச்சியை இரும்பில் வைத்தார். மெஷின் உறுமியது.

"ஒட்டிக்கிச்சு."

"எதுல?"

"இரும்புல."

"அதுக்குத்தானே அண்ணி வெல்டிங்."

வக்கீல் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனார். குச்சியை ஊன்றக் கூடாதாம், தீக்குச்சி உரசுவதுபோல் உரச வேண்டுமாம். உரசினார். இப்போது பொறியே வரவில்லை. புதுத் துண்டுக்கு மாறியபோது, மின்சாரம் சுற்றி வர இரும்பைக் கவ்வ வேண்டிய எர்த் கிளிப்பைப் பெயின்ட்டின் மேல் மாட்டியிருந்தார்! பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த இடத்தில் மாட்டி மறுபடியும் உரசியபோது, இருட்டுக்குள் ஒரு பச்சைச் சூரியன் பிறந்தது. இரும்பு உருகிக் குட்டிக் குளமாக மினுங்கியது.

"வந்துடுச்சு. ஏய் வக்கீல், வந்துடுச்சு. திரும்பாத. திரும்பாம கேளு."

ஆனால் தையல் மெஷினின் வேகத்துக்குப் பழகிய கை ஓடியது. முதல் நாள் இரும்பில் விழுந்தவை எல்லாம் காக்கை எச்சம் மாதிரிப் புள்ளிகள். மெதுவாகப் போக மூன்று நாள் பிடித்தது. சூடான எண்ணெயில் ஏதோ பொரிவதுபோல் ஒரே சீராகச் சத்தம் வந்தால் கை சரியாக இருக்கிறது என்று காது கண்டுபிடித்தது. தையல் மெஷினின் சத்தத்திலேயே நூல் தளர்வதைப் பிடிக்கிற காது அல்லவா! எட்டாம் நாள், சுத்தியலால் கசடைத் தட்டிவிட்டபோது, அடியில் வரிவரியாக ஒரு வெள்ளித் தையல். அதைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து மூவரும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது கைப்பிடி தயாரானது. மூன்று கால்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தகடு, மேலே நீளக் குழாய். தகடுகளைப் படியில் போல்ட் போட்டு இறுக்கினார்கள். வழவழவென்று, எங்கே ஒட்டியது என்றே தெரியாத அழகு. பேக்கரியில் வேலை பார்க்கும் கணவர் பெருமையாகச் சாய்ந்தார். டக்கென்று ஒரு சத்தம். கைப்பிடி சரிந்தது, அவர் இரண்டாவது படியில் உட்கார்ந்திருந்தார்.

"அடி ஒண்ணும் இல்ல. சும்மா உட்காரணும்னு தோணுச்சு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் இடத்தில் வக்கீல் இருந்திருந்தால்?

வக்கீல்தான் குனிந்து தகட்டைத் தடவிப் பார்த்தார். "அண்ணி, இந்த மூலையில இரும்பே இல்லையே. எங்க போச்சு?"

"தேய்ச்சுட்டேன்."

"ஏன்?"

"தையல் வெளிய தெரிஞ்சா அசிங்கமில்ல?"

இரண்டு மாலை நேரம் உட்கார்ந்து, புடைத்து நின்ற ஒவ்வொரு வெல்டையும் அவர் அரத்தால் தேய்த்து மழுங்கடித்திருந்தார். துணியில் நல்ல தையல் உள்ளே ஒளிந்திருக்கும். இரும்பின் மூலையிலோ புடைத்து நிற்கும் அந்தத் தழும்புதான் பலம். வேறெந்தக் கற்றுக்குட்டியும் இவ்வளவு சிரத்தையாக இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. பாடுபட்ட தடம் வெளியே தெரியாமல் பாடுபட வேண்டும் என்று எத்தனை கோடிப் பெண்களைப் பழக்கி வைத்திருக்கிறோம்! அந்தப் பழக்கம் இரும்பைக்கூட உடைக்கும்.

"தெரியட்டும் அண்ணி. நீங்க பண்ணதுன்னு தெரியட்டும்" என்றார் வக்கீல்.

மூன்று கால்களையும் கழற்றிச் சுத்தம் செய்து, முதலிலிருந்து வெல்ட் செய்தார். இந்த முறை தேய்க்கவில்லை. கம்பளிப்பூச்சி சுற்றிப் படுத்ததுபோல் ஒவ்வொரு காலடியிலும் ஒரு தடித்த வளையம். சுத்தியலால் அடித்தார், அசையவில்லை. கணவர் முழு எடையையும் போட்டுத் தொங்கினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அசையவில்லை.

ஒன்றாம் தேதி காலை. தையல்காரம்மா வேண்டுமென்றே எழுந்து போகவில்லை. ஊசியில் நூல் கோக்காமலே மெஷின் முன்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் ஐந்து முறை தட்டியது. பிறகு தெருவிலிருந்து குரல்: "அண்ணி, நான் கீழ இருக்கேன்."

"தெரியும் போ. பஸ்ஸ விட்டுடாத."

அன்று முழுக்க அவர் தைத்த எதுவும் நேராக வரவில்லை.

வாசகரே, இதைப் பாராட்டிவிட்டு மடித்து வைக்காதீர்கள். நீங்கள் வேலை பார்க்கும் இடத்தின் வாசலுக்கு, பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு, மருந்து வாங்கும் கடைக்குப் போய்ப் பாருங்கள். படி இருந்து கைப்பிடி இல்லையென்றால், பொறுப்பில் இருப்பவரிடம் இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.