பதினான்கு இடம், ஒரு பகல்

என் அக்கா வீட்டுக்காரரைப் பட்டப்பெயர் சொல்லி 'விசில்' என்றால்தான் ஊரில் தெரியும். பழைய நகரத்தைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி. நான் அதே சுற்றுலாப் பஸ்ஸின் டிரைவர். கோட்டைக்கு இருபத்தைந்து நிமிடம், அரண்மனைக்கு நாற்பது, பாலத்துக்குப் பத்து. நேரம் முடிந்ததும் அத்தான் விசில் ஊதுவார். கூட்டம் தலைதெறிக்க ஓடிவந்து பஸ்ஸில் ஏறும். பத்தொன்பது வருடம் இதே பிழைப்பு. அக்காவை மட்டும் ஒருநாளும் அழைத்துப் போனதில்லை. கேட்டால், "கோட்டை எங்க ஓடிப்போகுது?" என்பார்.

கோட்டை ஓடவில்லை, அக்காவின் பார்வைதான் போய்க்கொண்டிருந்தது. ஆறேழு மாதத்தில் முழுக்க இருண்டுவிடும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அத்தான் ஆடிப்போனார். ஆனாலும் பழக்கம் விடுமா? கிடைத்த ஒருநாள் லீவுக்குப் பதினான்கு இடங்களை நிமிடக் கணக்கோடு தாளில் எழுதி, என்னைக் கார் ஓட்டச் சொன்னார்.

மூன்றாவது இடம் அரண்மனை. அங்கே கொடியும் பறவைகளுமாகக் கல்லில் குடைந்த பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. அக்கா அதன் எதிரே உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"நேரமாச்சு, எந்திரி. இன்னும் பதினோரு இடம் கெடக்கு."

"நீங்க போய்ட்டு வாங்க."

அத்தான் சட்டென்று விசிலை எடுத்து ஊதிவிட்டார்! கட்டின பெண்டாட்டிக்கு! எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி வீசியிருப்பேன். அக்காவோ சிரித்துவிட்டாள்.

"சரி, இதுல எத்தனை பறவை இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

"இதைக் கட்டின ராஜா வந்து..."

"ராஜா கெடக்கட்டும். பறவைய சொல்லுங்க."

அத்தான் திருதிருவென்று விழித்தார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறவர், பத்தொன்பது வருடமும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியே நின்றிருக்கிறார்.

அக்கா அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அவசரப்படாம பாருங்க. கண்ணு போனப்புறம் நான் கேப்பேன். நீங்கதானே சொல்லணும்?"

வாய் ஓயாத மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பி, ஒவ்வொரு பறவையாக எண்ணலானார். பகல் முழுக்க இருவரும் அங்கேயே இருந்தார்கள். கதவு அடைக்கிற நேரத்தில், "பதினேழு" என்றார், மெதுவாக.

"இலைக்குப் பின்னால ஒண்ண விட்டுட்டீங்க."

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.