பிஸ்கட் டப்பாவில் மூன்று கவர்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மகன் ஒன்றாம் வகுப்புப் படித்தபோது அவன் சிலேட்டைப் பார்த்து நானாகப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் இன்றுவரை பஸ் போர்டை இன்னொருவரிடம் கேட்டு ஏறியதில்லை.

பேத்தியின் காதுகுத்தில் என் வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்து எல்லாரையும் பந்திக்குக் கூப்பிட்டார். போன ஆடியில் அவர் போய்விட்டார். போன் வந்தால்கூட பேசாமல் என் கையில் கொடுத்துவிடுகிற மனிதர். அவர் குரல் இருந்தால் அந்தக் காதுகுத்து வீடியோவில்தான் இருக்க வேண்டும். ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்றே இருந்தது எனக்கு.

பிஸ்கட் டப்பாவில் மூன்று கவர் கிடந்தன. ஒன்றில் ‘பென் டிரைவ்’, ஒன்றில் ‘பெண்ட்ரைவ்’, இன்னொன்றில் ‘மெம்மரி காட்’. சிங்கப்பூரில் இருக்கும் மகனைப் போனில் கேட்டேன்.

“பென் டிரைவ்லதாம்மா இருக்கு.”

“எதுலடா? ஒண்ணு ரெண்டு சுழி, ஒண்ணு மூணு சுழி.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுவாங்க.”

“நான் ஊர்ப் பேரைத் தப்பா எழுதினப்ப வீடே சிரிச்சீங்களேடா?”

அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

மூன்றையும் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் நாலு கம்ப்யூட்டர் கடை. ஒரு போர்டில் ‘மெமரி கார்டு’, அடுத்ததில் ‘மெமெரி கார்ட்’. வெயிலில் நின்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்ததில் முழங்கால்தான் வலித்தது. படித்தவர்களே முடிவு செய்யாததை நான் நின்று என்ன செய்ய? நிழல் இருந்த கடையில் ஏறினேன்.

கடையில் இருந்த பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருங்க பெரியம்மா. எதுல பாக்கணும்?”

“மூணுலயும் பாரு தாயி.”

மெம்மரி காட்டில் ஒன்றும் இல்லை. மூணு சுழியில் பேத்தியின் பள்ளிக்கூடப் பாடம். ரெண்டு சுழியைச் செருகியதும் பந்தல் தெரிந்தது. வெள்ளை வேட்டியில் அவர் மைக்கோடு நின்றார். வாய் அசைகிறது. கேட்பதோ சினிமாப் பாட்டு.

“பாட்டை நிறுத்து தாயி, அவுக பேசுறாக.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “நிறுத்த முடியாது பெரியம்மா. எடிட் பண்ணும்போதே சத்தத்தை எடுத்துட்டுப் பாட்டைப் போட்ருவாங்க. எல்லா விசேஷத்துக்கும் அப்படித்தான்.”

கவரின் பின்னால் இருந்த ஸ்டூடியோ நம்பருக்கு அவளே போன் போட்டாள். எடுத்ததை எல்லாம் எப்போதோ அழித்து, அதே கேமரா கார்டில் வேறு வேறு கல்யாணம் எடுத்தாகிவிட்டதாம். சண்டை போடுகிற தெம்பு எனக்கு இல்லை.

“வந்ததுக்கு முழுசாப் பாத்துட்டுப் போறேன்” என்றேன்.

பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வருவதற்குள் ஒரு சின்ன இடைவெளி. அங்கே மட்டும் சத்தத்தை எடுக்க விட்டுவிட்டார்கள் போல, பந்தல் இரைச்சல் கேட்டது. அவர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோய் ஒரு தடவை இருமினார். எதைப் பேசும் முன்னும் அப்படித்தான் இருமுவார். உடனே அடுத்த பாட்டு வந்து மூடிக்கொண்டது.

“இன்னொரு தடவை போடு.”

ஐந்தாறு தடவை போட்டாள். சலித்துக்கொள்ளவில்லை.

“கவர் கிழிஞ்சிருக்கு, வேற தாரேன். மேல பென் டிரைவ்னு எழுதவா?”

“பேனாவை இங்கிட்டுக் குடு.”

மெதுவாக எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள். ‘அவுக இருமல்’ என்று இருந்தது.

“உள்ள இருக்கிற சாமான் பேரை எழுதலையே பெரியம்மா?”

“அதை நீங்க எல்லாரும் ஒக்காந்து பேசி முடிவு பண்ணுங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.”