விமானத்தை விட்டுத் துணிக்குப் போனவன்

குறிஞ்சிப்பிட்டி ஸியாத்துக்கு என்ன வேலை என்று அவனுடைய மாமனாரிடம் கேட்டால், செய்னுலாப்தீன் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு கதைக்குப் போய்விடுவார். பரம்பரையாகக் கரைவலை இழுக்கிற குடும்பம் அது. மகள் பஸீனாவைக் கட்டியவனோ, பெரிய பட்டத்தை இடுப்பில் பூட்டிக்கொண்டு களப்புத் தண்ணீரில் சறுக்கி விளையாடும் வெள்ளைக்காரர்கள் விழும்போது, எஞ்சின் போட்டில் ஓடிப்போய் அவர்களையும் பட்டத்துணியையும் தூக்கி வருகிறவன். மீன் பிடிக்க வேண்டிய ஆம்பிளை துணி பிடிக்கிறான் என்று அவர் மகளிடமே சொன்னார். பஸீனா அதைப் புருஷனிடம் மறைத்தாள், ஆனால் ஊர் சும்மா இருக்குமா? அந்தப் பேச்சு ஸியாத்தின் காதுக்கு வந்தபோது அவனுக்குக் கோபம் வந்தது. வேலையை மட்டும் விடவில்லை. அந்த வேலையில் அவனுக்கு அப்படி ஒரு ஆசை.

கச்சான் காற்று பேயாய் அடித்த ஒரு பகலில், களப்புக்கு மேலே வந்த குட்டி விமானம் ஒன்றின் எஞ்சின் இருமி, நின்றே போனது. கரையில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பட்டென்று ஒரு வெடிச்சத்தம். விமானத்தின் முதுகிலிருந்து ஏதோ புகையோடு பாய்ந்தது, அதன் பின்னால் ஒரு துணி விரிந்தது, விரிந்தது, விரிந்துகொண்டே இருந்தது. முழு விமானமும் அதில் தொங்கிக்கொண்டு மெதுவாக இறங்கியது. சிவப்புப் பிடியொன்றை இழுத்தால் விமானமே பரசூட்டில் இறங்கும் என்று ஒரு வெள்ளைக்காரன் முன்பு சொன்னபோது, ஸியாத் அதைப் புளுகு என்றே நினைத்திருந்தான். இப்போது கண்முன்னே இறங்குகிறது. அவன் எஞ்சினை முடுக்கிய வேகத்தில் போட்டின் மூக்கு மேலே கிளம்பியது.

மாமனாரின் தோணியும் மற்றத் தோணிகளும் பக்கத்திலேயே நின்றதால் முந்திப் போய்விட்டன. விமானம் தண்ணீரில் தொப்பென்று உட்கார்ந்தது. உள்ளே ஒரு பெண் கண்ணாடியில் கையை வைத்து அசைத்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்று எல்லோரும் மூச்சுவிட்ட அந்த நேரம் பார்த்து, கீழே சாய்ந்த துணிக்குள் காற்று புகுந்தது. துணி பக்கவாட்டில் உப்பி, விமானத்தைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஆழத்துப் பக்கம் ஓடத் தொடங்கியது. விமானத்தின் மூக்கு தண்ணீருக்குள் போனது, கதவு திறக்கவில்லை.

கரைவலைக்காரர்களுக்குக் கயிற்றைக் கண்டால் கை சும்மா இருக்காது. துணியிலிருந்து விமானத்துக்கு ஓடிய கயிறுகளை ஆளாளுக்குப் பற்றி, வலை இழுப்பதுபோல் இழுத்தார்கள். இழுக்க இழுக்கத் துணி இன்னும் உருண்டு திரண்டு நின்றது, தோணிகளும் சேர்ந்து இழுபட்டன. தினமும் பட்டத்துணியை அடக்கிப் பழகிய ஸியாத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. நடுவில் பிடித்தால் துணி அடங்காது. ஒரே ஒரு ஓரத்தைப் பிடித்துக் காற்றுக்கு எதிரே கொண்டுவர வேண்டும். போட்டைத் திருப்பி, விமானத்தைத் தாண்டித் துணியை நோக்கி ஓட்டினான்.

"மனிசி மூழ்குறா, இவன் துணிய அள்ளப் போறான்" என்று செய்னுலாப்தீன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

அது ஸியாத்தின் காதில் விழாமலில்லை. கணக்குத் தப்பினால் ஒரு உயிர் போகும், செத்தவளின் துணியைத் திருடியவன் என்ற பெயரும் சாகும்வரை நிற்கும். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாய்ந்து ஓரத்தைப் பற்றி, போட்டில் கட்டி, காற்றுக்கு எதிரே முடுக்கினான். துணி அசையவில்லை. தோணிக்காரர்கள் இழுத்துப் பிடித்திருந்த கயிறுகள் அதைத் திரும்ப விடவில்லை.

"மாமா, கயித்த விடுங்க. எல்லாரையும் விடச் சொல்லுங்க."

வாழ்நாளில் கயிற்றை விட்டுப் பழகாத கை அது. கிழவர் மருமகனைப் பார்த்தார், மூழ்கும் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு கையை விட்டார். அவர் விட்டதைப் பார்த்து மற்றவர்களும் விட்டார்கள்.

ஸியாத்தின் போட் முன்னே பாய்ந்தது. துணியின் ஓரம் சுருண்டது, காற்று முழுவதும் வெளியே கொட்டியது, அவ்வளவு பெரிய பூதம் ஈரச்சேலையாய்த் தண்ணீரில் படுத்துவிட்டது. விமானமும் நின்றது. கதவை உடைத்துப் பெண்ணை வெளியே எடுத்தபோது களப்பு முழுக்க ஒரே ஆரவாரம்.

சிலாபத்துப் பக்கத்துக்காரியான அந்த விமானி, பெயர் கத்தரினா, கரையில் பஸீனாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தாள். குடித்து முடித்ததும், அந்தத் துணியை அடக்கியது யார் என்று கேட்டாள்.

செய்னுலாப்தீன் இந்த முறை தொண்டையைச் செருமவில்லை. "என்ட மருமகன்" என்றார். "துணி பிடிக்கிறதுதான் அவன்ட தொழில்."