சட்டைக்குள் என் நம்பர்

இன்று வார லீவு. என்னோடு கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் செல்வியும் நானும் ஹெப்பகோடியிலிருந்து மெட்ரோ பிடித்து, சாக்கடையாகிவிட்ட விருஷபாவதி ஆற்றங்கரையில் இருக்கும் மாலுக்குப் போனோம்.

மூன்றாவது மாடியில் ஆற்றைப் பார்த்தபடி கோபி மஞ்சூரி சாப்பிட்டோம். ஜன்னல் மூடியிருந்ததால் ருசி கெடவில்லை.

பிறகு சும்மா பார்க்கலாமென்று ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தோம். ஒன்பது வருஷமாக நான் தைத்த துணியில் குறை கண்டுபிடிக்கும் செக்கர். சட்டையைக் கண்டால் கை தானாக உள்பக்கத்தைத் திருப்பிவிடும்.

அதைப் பார்த்த ஒருவர் தான் எடுத்த சட்டையை நீட்டினார். "சிஸ்டர், இத கொஞ்சம் பாருங்க."

"காலர் ஒரு பக்கம் எறங்கியிருக்கு சார். வேணாம்."

அடுத்து அவர் மனைவி வந்தார். அப்புறம் ஒரு காலேஜ் பெண். சேல்ஸ்மேன் ஓடிவந்தார்.

"மேடம், நீங்க ஏதாச்சும் எடுக்குறீங்களா?"

"சும்னே இருங்கண்ணா, உங்களுக்குத்தான் ரிட்டர்ன் கொறையும்" என்று பாதி கன்னடத்தில் அடக்கினாள் செல்வி.

முதலில் வந்தவர் வேறொரு சட்டையோடு திரும்பினார். நீலக் கட்டம். அக்குளில் தையல் விட்டு, விரலே நுழைந்தது.

"இத எவ பாஸ் பண்ணா? கண்ண எங்க வெச்சிருந்தா?" என்று கத்திவிட்டேன்.

கடையே திரும்பிப் பார்த்தது. செல்வி என்னைக் கிள்ளினாள். பாஸ் செய்த செக்கர் தன் நம்பரை ஸ்டிக்கராக உள்ளே ஒட்டுவது எங்கள் கம்பெனி வழக்கம்.

27. என் நம்பர்.

சட்டையை நானே வாங்கிவிட்டேன்.

எல்லோரும் இப்போதே உங்கள் சட்டையைத் திருப்பிப் பாருங்கள். 27 இருந்தால் கமெண்ட்டில் வேண்டாம், இன்பாக்ஸுக்கு வாருங்கள். ஊசிநூலோடு காத்திருக்கிறேன்.