என் மகள் முதலில் நாயைத்தான் திட்டினாள்

எங்கள் வீட்டு நாய் இரண்டு வாரத்துக்கு என்று வந்தது. மனைவியின் தம்பிக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. அங்கே வீடு பார்த்ததும் நாயையும் அழைத்துக்கொள்வேன் என்று சொல்லி, ஒரு சங்கிலி, ஒரு தட்டு, பாதி தின்னப்பட்ட ரப்பர் பந்து ஆகியவற்றோடு அதை எங்கள் கேட்டுக்குள் விட்டுவிட்டுப் போனான். அதன்பின் மூன்று முறை விடுமுறைக்கு வந்துபோய்விட்டான். ஒவ்வொரு முறையும் நாயின் தலையைத் தடவி, "அத்தான், இவன் நம்மள விட சொகமா இருக்கான்" என்பான். பிறகு தங்கவளையல் வாங்கக் கடைக்குப் போய்விடுவான்.

லாப்ரடார் என்று சொல்லித்தான் கொடுத்தான். முகம் லாப்ரடார்தான். கால்களைப் பார்த்தால், கரமனைப் பக்கம் ஏதாவது மீன்கடைக்குப் பின்னால் அதற்கு நிறைய சொந்தக்காரர்கள் இருக்க வேண்டும் என்று தோன்றும்.

நாய் வந்தபோது என் மகளுக்கு ஒன்றரை வயது. இரண்டு வயதாகியும் அவள் பேசவில்லை. இரண்டரையிலும் பேசவில்லை. காது நன்றாகக் கேட்டது. பிஸ்கட் டப்பாவை அடுத்த அறையில் சத்தமில்லாமல் திறந்தாலும் வந்து நிற்பாள். வேண்டியதை விரலால் காட்டுவாள், கிடைக்காவிட்டால் தரையில் படுத்துக்கொள்வாள். டாக்டர் சோதித்துவிட்டு, குறை ஒன்றுமில்லை, பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போங்கள் என்றார்.

பயிற்சி கொடுத்த பெண் எங்களைவிடச் சின்னவள், ஆனால் எங்களை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் போல உட்கார வைத்துக் கேட்டாள். வீட்டில் என்ன மொழி? நான் களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்ப் பகுதிக்காரன். மனைவி எல்லைக்கு இந்தப் பக்கம், இதே ஊர் ஆரியசாலையில் பிறந்து மலையாளத்தில் படித்தவள். என்னிடம் தமிழ், போனில் மலையாளம், பிள்ளையிடம் இங்கிலீஷ். பயிற்சிக்காரப் பெண் பேனாவை மூடினாள். கொஞ்ச நாளைக்கு ஏதாவது ஒரு மொழியைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிள்ளை குழம்பாது என்றாள்.

எந்த மொழி என்பதில் நாங்கள் இரண்டு மாதம் சண்டை போட்டோம். மலையாளம் வராவிட்டால் பள்ளிக்கூடத்தில் இவள் எப்படிப் பிழைப்பாள் என்பது மனைவியின் கட்சி. வீட்டிலேயே தமிழ் இல்லாவிட்டால் பிறகு எங்கே பேசுவாள் என்பது என் கட்சி. சண்டை மூன்று மொழிகளிலும் நடந்தது. பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நாயின் வயிற்றில் தலைவைத்துப் படுத்திருந்தாள்.

அவர்கள் இருவருக்கும் மொழி தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை. காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் நேராக நாயிடம் போவாள். அதன் மேல் உதட்டைத் தூக்கிப் பல்லை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள். காதுக்குள் விரலை விடுவாள். நான் குளிப்பாட்ட வாலைத் தொட்டாலே உறுமுகிற நாய், அவளிடம் வீணாய்ப்போன தலையணை மாதிரி கிடக்கும். இட்லியில் ஒரு விள்ளல் அவளுக்கு, இரண்டு விள்ளல் அதற்கு. அதன் தட்டில் தண்ணீர் குடிக்கிறாளே என்று அவளுக்குத் தனியாக ஒரு தம்ளர் வைத்தோம். தம்ளரை நாய் எடுத்துக்கொண்டது.

எனக்கு நாயின் மேல் பொறாமை இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, நாயைத் திட்டிக்கொண்டிருந்தேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே எனக்கு ஆபீஸ் வேலை. லேப்டாப்பைத் திறந்தவுடன் அது என் நாற்காலிக்குக் கீழே வந்து படுத்துக் குறட்டை விடும். "மாறு சவமே" என்பேன். மாறு என்றால் விலகு. சவம் என்பது எங்கள் பக்கத்தில் பிணம் மட்டுமில்லை, எரிச்சலுக்கும் செல்லத்துக்கும் அந்த ஒரே சொல்தான். என் அப்பா ரேடியோவையும் மழையையும் என்னையும் அப்படித்தான் அழைத்தார். பிள்ளை இருக்கிற வீட்டில் அந்த வார்த்தை கூடாது என்று மனைவி தடை போட்டிருந்தாள். நாளைக்கு நாற்பது தடவை தடையை மீறிக்கொண்டிருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் என் மாமியார், டாக்டர்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள், இனி ஜெபம்தான் என்று முடிவெடுத்தார். ஒரு சனிக்கிழமை மதியத்துக்குமேல் தன் சபையின் போதகரை வீட்டுக்கு அழைத்து வந்தார். போதகர் நல்ல உயரம், பெரிய குரல். நாய் என்றால் மட்டும் பயம். அதனால் நாயைப் பின்பக்கம் கட்டிப்போட்டோம். மனைவி ஏத்தன்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்து, சூடான பழம்பொரியை டீப்பாயின் மேல் தட்டு நிறைய வைத்தாள். ஜெபம் முடிந்ததும் சாப்பிடலாம் என்றார் போதகர்.

எல்லாரும் முழங்காலிட்டுக் கண்களை மூடினோம். போதகர் உலகம் உண்டான நாளிலிருந்து தொடங்கினார். செங்கடலைத் தாண்டும்போது எனக்கு முழங்கால் வலித்தது. அப்போது பின்பக்கத்திலிருந்து தரையில் நகம் உரசும் சத்தம் கேட்டது. ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். நாய் வந்துகொண்டிருந்தது. சங்கிலியின் கொக்கியைக் கழற்ற என் மகள் எப்போதோ கற்றுக்கொண்டிருக்கிறாள், அது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவளும் பின்னாலேயே வந்து திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாய் முன்னங்கால்களை டீப்பாயின் மேல் வைத்தது. நான் எழுந்திருந்தால் தடுத்திருக்கலாம். மாமியாரின் தோளைத் தாண்டி, போதகரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தவிர, என்ன நடக்கிறது என்று பார்க்கவும் ஆசையாக இருந்தது. முதல் பழம்பொரி போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

போதகர் அப்போதுதான் எங்கள் வீட்டு விஷயத்துக்கு வந்திருந்தார். "கர்த்தாவே, இந்தக் குழந்தையின் நாவை இப்பொழுதே..." என்று குரலை உயர்த்தினார்.

"மாறு சவமே."

சின்னக் குரல், ஆனால் தெளிவாக இருந்தது. ஏற்ற இறக்கம் எல்லாம் என்னுடையது. ஜெபம் அறுந்துபோய் நின்றது. போதகர் கண்ணைத் திறந்து, தனக்கு எதிரே இடுப்பில் கைவைத்து நின்ற இரண்டே முக்கால் வயதுப் பிள்ளையைப் பார்த்தார். தன்னைத்தான் சொல்கிறாள் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. இரண்டடி பின்னால் நகரவும் செய்தார். பிறகுதான் டீப்பாய்க்கு அந்தப் பக்கம், வாயில் மூன்றாவது பழம்பொரியோடு நாய் சொன்னபடி விலகிப் போவதைக் கண்டார்.

"ஆமென்" என்றார் என் மாமியார், என்ன சொல்வது என்று தெரியாமல்.

மனைவி எழுந்து ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கும் அழ வேண்டும்போல இருந்தது, ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் அழுவது நல்லதாகப் படவில்லை. போதகரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என் தோளில் கைவைத்தார்.

"நாம என்ன கேட்டோம்? பிள்ள பேசணும்னு கேட்டோம். என்ன பேசணும்னு கேக்கலியே."

மீதியிருந்த பழம்பொரியில் நாயின் வாய் படாதவற்றைத் தேர்ந்து இரண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். எனக்கு அன்றிலிருந்து அவரைப் பிடிக்கும்.

பிறந்தது முதல் பிள்ளையைப் பற்றி எழுதிவைக்க மனைவி ஒரு ஆல்பம் வைத்திருக்கிறாள். முதல் பல், முதல் அடி, முதல் சொல் என்று அதில் பக்கங்கள் உண்டு. முதல் சொல்லுக்கான இடத்தில் பல நாள் யோசித்து "மாறு" என்று மட்டும் எழுதினாள். மற்றது பதிவாகவில்லை.

ஆனால் எங்கள் சந்தோஷம் அவசரப்பட்டது. பிள்ளை பேசினாள், நாயோடு மட்டும் பேசினாள். எங்களைக் கண்டால் பழையபடி விரல்தான். நாயிடம் வா, போ, இரி, வேண்டா என்று தமிழும் மலையாளமும் கலந்து ஒரு நாளைக்கு ஒரு சொல்லாவது புதிதாக வந்தது. பயிற்சிக்காரப் பெண்ணிடம் சொன்னோம். அவள் சிரிக்கவில்லை. அப்படியானால் நாய் வழியாகவே பேசுங்கள் என்றாள்.

அப்படியே செய்தோம். இரண்டு கல்லூரிப் பட்டம் வைத்திருக்கிற நான் தரையில் குந்தி உட்கார்ந்து, "பால் வேணுமான்னு கேளு" என்று நாயிடம் சொல்வேன். நாய் என்னைப் பார்க்கும். பிள்ளை நாயிடம் "வேண்டா" என்பாள். நாய் மறுபடியும் என்னைப் பார்க்கும். அரசாங்க அலுவலகத்தில்கூட ஒரு காகிதம் இதைவிட வேகமாக நகரும். ஆனாலும் நகர்ந்தது.

என்னைவிட மனைவிதான் உடைந்துபோனாள். அம்மா என்று ஒரு தடவைகூட வரவில்லை. ஒருநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள், சேலையைக்கூட மாற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். பிறகு அப்படியே சாய்ந்து, நாயின் வயிற்றில் தலைவைத்துப் படுத்துவிட்டாள். நாய் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. நான் வாசலில் நின்று, உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை வந்தாள். தன் இடத்தில் வேறொரு தலை கிடப்பதைப் பார்த்தாள். குனிந்து, மனைவியின் காதைத் தூக்கிப் பிடித்தாள், நாயின் காதைத் தூக்குவது போலவே. அதற்குள் வாயை வைத்துச் சொன்னாள்.

"அம்மா, கொஞ்சம் அங்க."

மனைவி நகர்ந்துகொண்டாள். பிள்ளை பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அந்த வயிற்றில் எனக்கு இடமில்லை என்பதால் நான் போய் டீ போட்டேன்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்புகிறார், நாங்கள் பெருமையோடு கையெழுத்துப் போடுகிறோம். போன மாதம் பொன்முடிக்குப் போனோம். நாயைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டிருந்தோம். வழியில் கல்லாற்றில் இறங்கியதும், நாய்க்குப் போன் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அந்த அக்காவும் போனை நாயின் காதில் வைத்திருக்க வேண்டுமாம். தண்ணீர் எவ்வளவு குளிர், மீன் எவ்வளவு சின்னது, அப்பா எப்படி வழுக்கி விழுந்தார் என்று இருபது நிமிஷம் சொன்னாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"அப்பாவும் பேசணும்."

ஆற்றங்கரை டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். நனைந்த பேண்ட்டோடு பாறையில் நின்று, சாப்பிட்டாயா என்று நாயைக் கேட்டேன்.

"ஊணு கழிச்சு, இனி ஒறங்ஙும்" என்றார் அக்கா அந்தப் பக்கத்திலிருந்து. சாப்பாடு ஆயிற்று, இனித் தூங்குமாம்.