ஆழ்குழாய்க்குள் எட்டிப் பார்ப்பவன்

ஊரே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, குனிந்து பார்த்துப் பிழைக்கிற தொழில் என்னுடையது.

போருக்குள், அதாவது ஆழ்குழாய்க் கிணற்றுக்குள், கேமரா விடுகிறேன். விளக்கு பொருத்திய கேமராவை நீளமான கேபிளில் இறக்கினால், எத்தனையாவது அடியில் ஊற்று இருக்கிறது, எங்கே மண் சரிந்திருக்கிறது என்று மேலே டிவியில் தெரியும். போர் போட்டவர்களே, போட்டு ஏமாந்தவர்களே, மோட்டார் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கிற சத்தம் கேட்டு சுவிட்சை அணைக்க ஓடியவர்களே, நானும் உங்களில் ஒருவன்தான். பனமரத்துப்பட்டியில் எனக்கு ஒரு பாக்குத் தோப்பு உண்டு. அதன் போரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்துப் போரையெல்லாம் பார்த்துவிட்ட நான், என்னுடையதை மட்டும் பார்க்காமல் தள்ளிப்போட்டேன். பயம்தான், வேறென்ன. வற்றிவிட்டது என்று கண்ணால் பார்த்துவிட்டால் தோப்பை வெட்ட வேண்டியதுதான்.

பங்காளிப் பக்கம்

மல்லசமுத்திரம் பக்கம் மஞ்சள் பயிர் போட்டிருந்த ஒருவர் கூப்பிட்டார். கேமரா ஐந்நூறு அடி தாண்டியதும், பாறையில் விரல் நுழைகிற அளவு ஒரு வெடிப்பு வந்தது. அதிலிருந்து தண்ணீர் பீறிட்டு, எதிர்ச் சுவரில் இருந்த இன்னொரு வெடிப்பில் புகுந்து போய்க்கொண்டிருந்தது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் கேபிளை நிறுத்திவிடுவேன். வெயிலே படாத ஆழத்தில், யாரும் பார்க்கிறார்களா என்ற கவலையே இல்லாமல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

"தண்ணி எந்தப் பக்கமுங்க போவுது?" என்று கேட்டார். கேமராவில் திசைகாட்டி உண்டு. கிழக்கே என்றேன். அவர் முகம் தொங்கிவிட்டது. கிழக்கே இருப்பது, அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியின் வயல்காடு. டிவியை முறைத்துவிட்டுச் சொன்னார்: "கேமராவக் கொஞ்சம் நம்ம பக்கமாத் திருப்புங்க, தண்ணி மனசு மாறுதான்னு பாப்போம்."

பார்டர்

இளம்பிள்ளையில் ஒரு சேலைத் தறிக்காரர். வீட்டுப் போர். அடிவரைக்கும் இறக்கியும் ஒரு சொட்டு ஈரமில்லை. அவரோ திரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. கருங்கல்லில் ஒரு ரோஸ் கோடு, அதன் ஓரமாக மெல்லிசாக வெள்ளை, மறுபடி கறுப்பு என்று சுற்றிலும் ஓடிக்கொண்டிருந்தது. என் கண் ஊற்றைத் தேடியே பழகியது, கல்லை அது பார்த்ததேயில்லை. இத்தனை அழகை நம் காலுக்கடியில் யார் ஒளித்து வைத்தது என்று அன்றைக்கு மலைத்துப்போனேன்.

கேபிளைச் சுருட்டப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினார்: "தண்ணி இல்லாட்டிப் போவுதுங்க, அந்த ரோஸ் கோட்டுல கொஞ்சம் நிறுத்துங்க, போட்டோ எடுத்துக்கறேன், பார்டருக்கு எடுப்பா இருக்கும்."

வேர்

ராசிபுரம் தாண்டி ஒரு வயதான அம்மா தனியாக விவசாயம் பார்க்கிறார். போரில் மோட்டார் இறங்க மாட்டேன் என்கிறது என்று கூப்பிட்டார். கேமராவை விட்டால், மண் சரியாமலிருக்க இறக்கிய கேசிங் பைப்பின் இணைப்பு விட்டுப்போன இடத்தில் ஒரு வேர் நுழைந்து, கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்க இறக்க வேர்தான். நூறு அடி தாண்டியும் முடியவில்லை. நடுவில் எங்கேயும் ஈரம் கிடையாது. ஆனாலும் நம்பிக்கையாக நேரே கீழே போய், நுனி மட்டும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வரப்போரத்து வேப்பமரத்தின் வேர் அது. அந்த அம்மா போர் போடுகிற ரிக் வண்டி வரவழைத்துக் கண்டுபிடித்த தண்ணீரை, அது நின்ற இடத்திலிருந்தே கண்டுபிடித்திருக்கிறது. வேரை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "மோட்டாருக்கு வழி உடற அளவுக்கு வெட்டிட்டு மிச்சத்த உட்ருங்க சாமி, அத்தனை தூரம் எறங்கி வந்துருக்குது, அதுக்கும் ஒரு வாய்த் தண்ணி வேணுமில்ல?"

என் போர்

இந்தக் கதையை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த தப்பு. "வேரே பயப்படாம எறங்கியிருக்குது, நீங்க எப்பங்க எறங்கறீங்க?" என்று என் மனைவி சரசு பிடித்துக்கொண்டாள்.

மறுநாளே மோட்டாரை மேலே தூக்கிப் போட்டுவிட்டு, மத்தியானம் கேமராவை விட்டேன். நானூற்றுச் சொச்சம் அடியில் இருந்த பழைய ஊற்றில் வெள்ளைக் கறை மட்டும் மிச்சம். எழுநூறு அடியில் இருந்த இன்னொன்றில் லேசான ஈரம், அவ்வளவுதான். பாக்கு மரங்களை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் தோப்புக்குக் கிழக்கே இருக்கிற காட்டுக்காரர் புதிதாகப் போட்ட போர்தான் இதற்குக் காரணம் என்று மனதுக்குள் அவரைத் திட்டினேன். மல்லசமுத்திரத்துக்காரரை நினைத்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தவனும் நான்தான்.

மூன்று மணிக்குத் த்ரீ பேஸ் கரண்ட் போனது. சுற்றியிருந்த மோட்டார்கள் ஒன்றாக அடங்கின. கேமரா பேட்டரியில் ஓடுவது, அதனால் திரை அணையவில்லை. சுருட்ட மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். டீ கொண்டுவந்த சரசுதான் முதலில் பார்த்தாள். எழுநூறாவது அடியில் அந்த ஈரம் மினுங்கியது, பிறகு முத்து முத்தாகத் திரண்டது, சொட்டியது. டீ ஆறுவதற்குள் நூல்போல ஓட ஆரம்பித்துவிட்டது. மோட்டாரை மேலே தூக்கிப் போட்டிருப்பதைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்க வந்த கிழக்குக் காட்டுக்காரரும் எங்களோடு நின்று பார்த்தார். எங்கள் எல்லோருடைய மோட்டாரும் நின்றதை எழுநூறு அடிக்குக் கீழே இருக்கிற அந்தக் கல் தெரிந்துகொண்டது. நான் அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

சரசுதான் அவரைத் திரும்பிப் பார்த்துப் பேசினாள்: "ஏனுங்கண்ணா, எல்லாரும் ஒரே நேரத்துல உறிஞ்சினா அதுக்கு மூச்சு உட நேரம் ஏதுங்க, மாத்தி மாத்தி மோட்டார் போட்டாத்தான் என்னங்க?"

இப்போது அக்கம்பக்கத்து நாலு காட்டுக்காரர்களும் நாங்கள் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறோம், தோப்பும் பச்சையாக நிற்கிறது, ஆனால் எழுநூறு அடிக்குக் கீழே பார்க்கத் தெரிந்த எனக்கு வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.